'நோபடி கேர்டு' என்று கெர்னல் சொன்னால் எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: அளவீட்டுத் தரவு சேகரிக்க ஒரு பிசிஐ கார்டு வாங்கினோம். விற்றவரே லினக்ஸ் டிரைவரையும் சோர்ஸ் கோடோடு கொடுத்தார். கார்டைத் தொடங்கிய ஒரு நொடிக்குள் 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு' (16ஆம் இன்டரப்ட் லைனை யாரும் கண்டுகொள்ளவில்லை) என்று லாகில் வருகிறது. அதன் பிறகு கார்டு வேலை செய்வதில்லை, மவுஸும் விட்டு விட்டுத்தான் நகர்கிறது. விற்றவரைக் கேட்டால், 'ஹேண்ட்லரின் கடைசி வரியில் எப்போதும் ஐஆர்க்யூ ஹேண்டில்டு என்று திருப்பி அனுப்புங்கள்' என்றார். அப்படி மாற்றியதும் மெஷினே உறைந்துபோகிறது. இப்போது 'புது டிரைவர் எழுதித் தருகிறேன், தனிக் கட்டணம்' என்கிறார். கொடுக்கலாமா? எனக்கு சி மொழி ஓரளவு தெரியும், லினக்ஸின் மையமான கெர்னல் தெரியாது.

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பழுது பத்து வரிக்குள் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரிந்த சி போதும்.

முதலில் மவுஸ் ஏன் திணறுகிறது என்று பார்ப்போம். இன்டரப்ட் என்பது 'என்னைக் கவனி' என்று கார்டு கெர்னலை அழைக்கும் வழி. இந்த வகை பிசிஐ கார்டில் அது ஒரு கம்பி. வேலை வந்ததும் கார்டு அந்தக் கம்பியை இழுத்துப் பிடிக்கும். டிரைவர் வந்து 'பார்த்துவிட்டேன், விடு' என்று கார்டிடம் சொல்லும்வரை விடாது. அதே கம்பியில் உங்கள் யுஎஸ்பி கண்ட்ரோலரும் இருக்கிறது. /ப்ராக்/இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து 16ஆம் வரியைப் பாருங்கள், கடைசியில் இரண்டு பெயர்கள் கமா போட்டு நிற்கும்.

ஹேண்ட்லர் என்பது இன்டரப்ட் வந்ததும் ஓடும் டிரைவரின் பகுதி. கம்பி இழுபட்டதும் கெர்னல் அந்த இரண்டு பெயர்களுக்கும் உரிய ஹேண்ட்லர்களைக் கூப்பிட்டு 'உன்னுடையதா?' என்று கேட்கிறது. இரண்டுமே ஐஆர்க்யூ நன், அதாவது 'என்னுடையது இல்லை' என்றால், கம்பி இன்னும் இழுபட்டே இருப்பதால் மறுபடி கேட்கிறது. இப்படி 1,00,000 தடவையில் 99,900க்கு மேல் யாருமே ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த லைனையே மூடிவிடுகிறது. நீங்கள் பார்த்த செய்தி அதுதான். மூடிய பிறகு நொடிக்குப் பத்து தடவை மட்டும் எட்டிப் பார்க்கும், மவுஸ் தத்தித் தத்தி நகர்வது அதனால்தான்.

விற்றவர் சொன்ன வைத்தியம் என்ன செய்தது? உங்கள் ஹேண்ட்லர் ஒவ்வொரு தடவையும் 'ஆமாம், என்னுடையதுதான், முடித்துவிட்டேன்' என்று பொய் சொல்கிறது. கார்டிடம் யாரும் பேசவில்லை, கம்பி விடுபடவில்லை. கெர்னல் அந்தப் பதிலை நம்புவதால் அதன் பாதுகாப்புக் கணக்கும் ஏறாது. அந்த சிபியூ ஹேண்ட்லருக்குள் நுழைவதும் வெளியே வருவதுமாகவே மாட்டிக்கொள்கிறது, மெஷின் உறைகிறது. முன்பு ஒரு லைன் மட்டும் போயிற்று, இப்போது எல்லாமே போகிறது. இதை வைத்தியம் என்று சொல்லி, அது பலிக்காதபோது கட்டணம் கேட்பவரை நம்பாதீர்கள். கார்டு விற்பவர்களில் ஒரு சாரார் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். வேறொரு கார்டின் டிரைவரை எடுத்து, பெயரை மாற்றி, பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். என்னிடம் வந்த ஒரு டிரைவரில் மேலே உள்ள குறிப்பில் முந்தைய கார்டின் பெயர்கூட அழிக்கப்படாமல் இருந்தது. அதை வாங்கியவர் மூன்று தடவை 'அப்டேட்' என்று பணம் கட்டியிருந்தார்.

இவர்களுக்குக் கெர்னலும் துணைபோகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். அந்தச் செய்தியிலேயே 'ஐஆர்க்யூபோல் போட்டு பூட் செய்து பாருங்கள்' என்று ஒரு யோசனை இருக்கும். ஃபர்ம்வேர் (மெஷினோடு வரும் உள் மென்பொருள்) மோசமாக உடைந்த மெஷினை எப்படியாவது ஓட வைக்க உண்டான வழி அது. டைமர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா ஹேண்ட்லரையும் எழுப்பிக் கேட்கும். டிரைவரில் உள்ள தவறை அது திருத்தாது. அதைப் போடாதீர்கள்.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? ஹேண்ட்லரின் தொடக்கத்தில் கார்டின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை, அதாவது கார்டு தன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடத்தை, படிக்கும் வரி இருக்கும். அது படிக்கும் முகவரியும் பிட்டும் உங்கள் கார்டின் ரெஜிஸ்டர் அட்டவணையோடு ஒத்துப்போகிறதா? இங்கேதான் தவறு இருக்கும் என்பது என் கணிப்பு. வேறு கார்டின் கோடு என்றால் இடம் மாறியிருக்கும். இன்னொன்று, இம்மாதிரிக் கார்டுகள் பலவற்றில் முன்னால், கார்டை மெஷினோடு இணைக்கும் ஒரு பிரிட்ஜ் சிப் உட்கார்ந்திருக்கும், அதற்கும் தனியாக ஒரு இன்டரப்ட் ரெஜிஸ்டர் இருக்கலாம். உள்ளே இருப்பதை மட்டும் பார்த்து அதை விட்டுவிட்டாலும் இதே கதைதான்.

பிட் சரியாகக் கிடைத்த பிறகு வரிசை இதுதான். பிட் 0 என்றால் ஐஆர்க்யூ நன் என்று சொல்லிவிட்டு உடனே வெளியே வாருங்கள். ரெஜிஸ்டர் முழுக்க 1 ஆகவே வந்தால் கார்டு பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம், அப்போதும் ஐஆர்க்யூ நன்தான். உங்களுடையது என்றால் அந்த பிட்டை அழியுங்கள். பெரும்பாலும் 1 எழுதினால்தான் அழியும், 0 எழுதிவிட்டு 'அழித்தேன்' என்று நினைப்பவர்கள் ஏராளம். எழுதியவுடன் அதே கார்டிலிருந்து ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படித்துவிடுங்கள். பிசிஐ பஸ்ஸில், அதாவது சிபியூவும் கார்டும் பேசும் பாதையில், நீங்கள் எழுதியவை வழியில் தேங்கி நிற்கும், ஒரு படிப்பு அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். அப்புறம்தான் ஐஆர்க்யூ ஹேண்டில்டு.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சில கார்டுகளில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தாலே அது அழிந்துவிடும். முதல் தடவை படித்தால் 1, அடுத்த கணமே படித்தால் 0. மேலே சொன்ன 'எழுதியபின் படி' என்பதற்கு அந்த ரெஜிஸ்டரையே பயன்படுத்தினீர்கள் என்றால், இடையில் வந்த புது இன்டரப்டைத் தெரியாமல் விழுங்கிவிடுவீர்கள். வேறு ரெஜிஸ்டரைப் படியுங்கள். இதைவிட மோசமானது, சோதனைக்காக ஸ்டேட்டஸை ஒரு தடவை பிரின்ட் செய்துவிட்டு, கீழே மறுபடி படித்து 'என்னுடையதா' என்று பார்ப்பது. பிரின்ட் வரியில் 1 தெரியும், சோதனை வரியில் 0 வரும், ஹேண்ட்லர் 'என்னுடையது இல்லை' என்று சொல்லிவிடும். நீங்கள் லாகில் 1ஐப் பார்த்துக்கொண்டே குழம்புவீர்கள். ஒரே தடவை படித்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அந்த மாறியைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் கார்டு இந்த வகையா என்று நேரத்தை வைத்தே ஊகிக்கலாம். கம்பி விடுபடாமல் இருந்தால் 1,00,000 எண்ணிக்கை கண் இமைக்கும் நேரத்தில் நிரம்பும், செய்தி ஒரு நொடிக்குள் வரும். படித்தால் அழியும் கார்டில் கம்பி ஒவ்வொரு முறையும் விடுபட்டுவிடுகிறது. அதனால் நொடிக்கு 1,000 இன்டரப்ட் தரும் கார்டு என்றால் செய்தி வர ஏறக்குறைய 100 நொடி ஆகும். உங்களுக்கு ஒரு நொடி என்பதால், நீங்கள் தேட வேண்டியது தவறான முகவரியைத்தான்.

ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது, மியூடெக்ஸ் (காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடிக்கக் கூடாது, யூசர் நினைவகத்துக்கு நகல் எடுக்கக் கூடாது. முதல் இரண்டும் தேவைப்படும் வேலைகளை ரிக்வெஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ மூலம் ஒரு த்ரெட்டுக்குத் தள்ளுங்கள், லினக்ஸ் 2.6.30 முதல் அந்த வசதி இருக்கிறது. யூசர் நினைவகத்துக்கு நகல் எடுப்பதை மட்டும் யூசர் நிரல் ரீட் கூப்பிடும்போது செய்யுங்கள். பிரின்ட் வரிகளையும் எடுத்துவிடுங்கள். 1,15,200 வேகத்தில் ஓடும் சீரியல் கன்சோலில் 80 எழுத்து வெளியேற ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 1,000 இன்டரப்ட் வரும் கார்டில் ஒன்றுக்கு உங்களிடம் இருப்பதே 1 மில்லிநொடி. இன்னொரு வரிசையும் முக்கியம்: முதலில் ஹேண்ட்லரைப் பதிவு செய்யுங்கள், பிறகு கார்டில் இன்டரப்டை இயக்குங்கள். மூடும்போது இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

விற்றவரிடம் புது டிரைவர் கேட்காதீர்கள், ரெஜிஸ்டர் அட்டவணையைக் கேளுங்கள். 'ரகசிய ஒப்பந்தம் போட்டால்தான் தருவோம்' என்று சொல்வார்கள். காசு கொடுத்து வாங்கிய கார்டில் எந்த பிட் கம்பியை விடுவிக்கிறது என்பதை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தர மறுத்தால் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்து வாங்குவதாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டாகப் பாருங்கள். இன்டரப்ட் தரும் அந்த வகைக் கார்டில் எம்எஸ்ஐ அல்லது எம்எஸ்ஐ-எக்ஸ் (கம்பிக்குப் பதில் செய்தியாக இன்டரப்ட் அனுப்பும் முறை) இருந்தாக வேண்டும் என்பது விதி. டிரைவர் அதைப் பயன்படுத்தினால் கம்பியைப் பகிரும் சிக்கலே எழாது.

திருத்தியபின் /ப்ராக்/ஐஆர்க்யூ/16/ஸ்பூரியஸ் என்ற கோப்பைப் படியுங்கள். 'கவுன்ட்', 'அன்ஹேண்டில்டு' என்று இரண்டு எண்கள் இருக்கும். கார்டை ஓட்டிக்கொண்டே சில நிமிடம் திரும்பத் திரும்பப் பாருங்கள். கார்டு வேலை செய்துகொண்டிருக்க, இரண்டாவது எண் ஏறாமல் இருந்தால் டிரைவர் சரியாகிவிட்டது. அது ஏறிக்கொண்டே போனால், படித்த முகவரியையும் வந்த மதிப்பையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.