ஃபைபர் எட்டாத சாலையில் இணைய வகுப்பு: பணத்தை எதில் போடுவது?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், ஸ்டேங்கருக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருக்களுக்கு ஃபைபர் (ஒளியிழைக் கேபிள் இணையம்) வந்துவிட்டது, அவருடைய சாலைக்கு இன்னும் வரவில்லை. பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளிப் பாடத்துக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கைபேசி டேட்டாவையே நம்பியிருக்கிறார்கள். அது பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. இருக்கும் பணத்தில் என்ன இணைப்பு வாங்கலாம் என்று கேட்கிறார்.

அம்மா, டேட்டாவுக்காக வீட்டில் எல்லோரும் ஒரு மாதத்தில் செலவிடும் தொகையை முதலில் கூட்டிப் பாருங்கள். ஒரு நாள், ஒரு வாரம் என்று குறுகிய கெடுவுடன் வாங்கும் சிறிய டேட்டா பொதிகள் (பண்டில்கள்) அந்தந்த நேரத்துக்கு மலிவாகத் தெரிந்தாலும், மாதக் கணக்கில் ஒரு நல்ல வீட்டு இணைப்பின் கட்டணத்தை நெருங்கிவிடுவதுண்டு. மொத்தமாக வாங்க வசதியுள்ளவர் ஒரு ஜிபிக்குக் குறைவாகவும், சில்லறையாக வாங்கும் ஏழை அதிகமாகவும் கொடுக்கும் இந்த அநியாயத்தை, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் வெளிப்படையாகவே கண்டித்தது. அதன் பிறகுதான், 2020 ஏப்ரலில், வோடாகாம் கைபேசி நிறுவனத்தின் 30 நாள் 1 ஜிபி பண்டில் 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு இறங்கியது. காணொளியுடன் நடக்கும் குழு வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி எடுத்துக்கொள்ளும். படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்டால் அதில் மிகச் சிறு பங்கே செலவாகும். ஆசிரியர் எழுதிக் காட்டும்போது மட்டும் படத்தைத் திறந்துகொள்ளலாம் என்று வகுப்பிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கு இப்போதைக்குப் பொருந்தக்கூடியது, கைபேசிக் கோபுரத்திலிருந்து வீட்டு ரவுட்டருக்கு வரும் எல்டிஇ (4ஜி) இணைப்பு. ஆனால் சிக்னலை அளந்து பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கைபேசியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் வலிமை ஒரு கழித்தல் எண்ணாகத் தெரியும். அது மைனஸ் 90 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டிக் கீழே போனால் வகுப்பு அடிக்கடி அறுபடும். வீட்டின் ஒவ்வொரு மூலையிலும், முடிந்தால் கூரை மட்டத்திலும், அக்கம்பக்கத்தாரிடம் வெவ்வேறு நிறுவன சிம்களை இரவல் வாங்கி அளந்து பாருங்கள். கூட்டம் கூடும் மாலை ஏழு மணிக்கும் பார்க்க வேண்டும், மழை நாளிலும் பார்க்க வேண்டும். கரும்பு வளர்ந்து நின்றாலும் பெரிய தடையில்லை. வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஈர இலைகளோடு நிற்கும் யூகலிப்டஸ் வரிசைதான் சிக்னலை விழுங்கும். அப்படியானால் கூரைக்கு மேலே கம்பம் நட்டு, கோபுரத்தை நோக்கித் திருப்பிய வெளி ஆன்டெனா பொருத்துவது விலை கூடிய ரவுட்டரைவிட அதிகம் பயன் தரும். “வரம்பில்லை” என்று விற்கப்படும் திட்டங்களிலும் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அருகில் சொந்தக் கம்பத்திலிருந்து வயர்லெஸ் இணைப்பு தரும் உள்ளூர் நிறுவனம் இருந்தால் அதையும் விசாரியுங்கள். அவர்களுடைய கம்பம் உங்கள் கூரையிலிருந்து கண்ணுக்கு நேராகத் தெரிந்தால், மாலை நேரத்து நெரிசலில் அது எல்டிஇயைவிட நிலையாக இருக்கக்கூடும்.

இனி ஃபைபர் பற்றி. கடலுக்கடியில் வரும் சேஃப் கேபிள் 2002இலும், சீகாம் 2009இலும், உங்களுக்கு வடக்கே அதே கரையோரத்தில் உள்ள ம்துன்சினியில்தான் கரையேறின. ஆகவே உலக இணையத்துக்கும் உங்களுக்கும் இடையே தூரம் ஒரு பொருட்டே அல்ல. கடைசி மூன்று கிலோமீட்டருக்குப் பள்ளம் தோண்டும் செலவை எத்தனை வீடுகள் திருப்பித் தரும் என்பதே நிறுவனத்தின் கணக்கு. அதனால்தான் முதலில் வசதியான புறநகர்களுக்கே ஃபைபர் போனது. ஜோகன்னஸ்பர்க்கின் பார்க்ஹர்ஸ்டில் 2014இல் குடியிருப்போர் சங்கமாகக் கூடி, நிறுவனங்களிடம் திட்டம் கேட்டு, ஃபைபர் பதிக்கும் வூமாடெல் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய வருமானம் நம் தோட்டப்புற மக்களுக்கு இல்லைதான். ஆனாலும் ஒன்றாய்ச் சேர்ந்து கேட்கும் வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. கேபிள் பதிக்கும் நிறுவனமும் மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனமும் பெரும்பாலும் வேறு வேறு. பதிப்பவர்களின் வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடி, “விருப்பம்” என்று பதிவு செய்யுங்கள். சாலையிலுள்ள ஒவ்வொரு வீட்டையும், கோயில், பள்ளி, கடைகளையும் பதிவு செய்ய வையுங்கள். அந்தப் பட்டியலின் நகலை வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து, நகராட்சியின் சாலை வேலை நடக்கும்போதே ஃபைபர் கேபிளுக்கான குழாயையும் பதிக்கும்படி கேளுங்கள்.

அதுவரை உங்களுக்குள்ள உரிமைகளைப் பயன்படுத்துங்கள். இகாசா என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் 2019 முதல் நடப்பில் உள்ளன. பண்டிலில் 50, 80, 100 விழுக்காடு தீரும்போது நிறுவனம் தகவல் அனுப்ப வேண்டும். உங்கள் சம்மதமின்றிப் பண்டிலுக்கு வெளியே கூடுதல் கட்டணம் பிடிக்கக் கூடாது. மீந்த டேட்டாவை நீட்டிக்கவும், அதே நிறுவனத்தின் இன்னொரு எண்ணுக்கு மாற்றவும் வழி செய்ய வேண்டும். நீட்டிப்பைக் கெடு முடிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இணைப்பு எதுவானாலும் ரவுட்டருக்கென்று ஒரு சிறிய பேட்டரி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள், மின்வெட்டில் வகுப்பு பாதியில் நிற்காது. நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பேட்டரியே ஓய்ந்துவிடும் என்பதால், அன்றைய பாடத்தைப் பதிவு செய்து அனுப்பும்படி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.