பழைய வேளாண் கணக்கெடுப்பில் நில உரிமையாளரைத் தேடலாமா?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் நிலவுடைமை எப்படி மாறியது என்று கட்டுரை எழுதுகிறேன். 1970-71, 2015-16 வேளாண் கணக்கெடுப்பு அட்டவணைகளை ஒப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்தக் கணக்கெடுப்பின் இலக்கணப்படி நிலம் சாகுபடி செய்பவர் கணக்கில் சேரும். பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி. சொந்தமாக 3 ஏக்கரும் குத்தகைக்கு 4 ஏக்கரும் பயிரிடுபவர் 7 ஏக்கர்காரர். முழுவதையும் குத்தகைக்கு விட்டு வெளியூரில் இருப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். கோயில், மடத்து நிலங்கள் மிகுந்த டெல்டாவில் இது சின்ன விஷயமல்ல.

ஏட்டில்தான் இப்படி. தமிழ்நாட்டு எண்கள் பெரும்பாலும் கிராமக் கணக்கிலிருந்து தொகுத்தவை. வாய்மொழிக் குத்தகை அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்ற கிராமப் பதிவேட்டில்) ஏறுவது அபூர்வம். அந்த நிலம் பட்டாதாரர் பெயரிலேயே விழும். ஆக, ஒரே அட்டவணையில் பிழை இரண்டு பக்கமும் இழுக்கிறது.

தொடக்க ஆண்டும் வில்லங்கமானது. ஐந்து பேர் குடும்பத்துக்கான நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்துக்கு ஏற்பக் கணக்கிடும் ஏக்கர்) 15 ஆகக் குறைந்தது 1970இல். உறவினர் பெயரிலும் பினாமி பெயரிலும் காகிதப் பாகப்பிரிவினை நடந்த காலம் அது. அந்த ஆண்டு அட்டவணையில் பெரிய பண்ணை குறைவாகத் தெரிந்தால், நிலம் கைமாறிவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

சாகுபடி அலகின், அதாவது ஒருவர் பயிரிடும் மொத்த நிலத்தின், சராசரிப் பரப்பும் ஏமாற்றும். இந்திய அளவில் அது 2.28 ஹெக்டேரிலிருந்து 1.08 ஆனது, ஆனால் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 16 கோடி ஹெக்டேரிலேயே நிற்கிறது. சாகுபடி அலகுகள் 7.1 கோடியிலிருந்து 14.6 கோடியாகப் பெருகியதே காரணம். நிலமற்ற கூலிக் குடும்பம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

உடைமைக்குத் தேசிய மாதிரி ஆய்வின் நிலவுடைமைச் சுற்றுகளைப் பாருங்கள்: 1953-54இல் தொடங்கி 2019 வரை உண்டு. வீட்டுமனையைச் சேர்த்த அட்டவணையா என்று மட்டும் கவனியுங்கள். சேர்த்தால் நிலமற்றோர் திடீரென்று குறைந்துவிடுவார்கள். மாநில அளவுக்கு அது உதவும், மாவட்டத்துக்கு மாதிரி போதாது. அதற்குச் சில கிராமங்களைத் தேர்ந்து ‘அ’ பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நிலத்தின் பரப்பும் பட்டாதாரர் பெயரும் உள்ள கிராமப் பதிவேடு) அடங்கலையும் சர்வே எண் வாரியாக ஒப்பிடுவதுதான் வழி. இறந்த தாத்தா பெயரில் நிற்கும் பட்டாவும் கூட்டுப் பட்டாவும் அங்கேதான் பிடிபடும்.

கடைசியாக எல்லை. 1970-71இன் தஞ்சை வேறு. 2015-16க்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றையும் கூட்டுங்கள் (மயிலாடுதுறை அப்போது நாகையில்தான் இருந்தது). 1974இல் புதுக்கோட்டைக்குப் போன பகுதியைப் பழைய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். வட்டவாரி அட்டவணை கிடைக்காவிட்டால், அந்த வேறுபாட்டைக் கட்டுரையிலேயே குறித்துவிடுங்கள்.