இரட்சிக்கப்பட்ட தேதி தெரியவில்லை. நான் மறுபடியும் பிறந்தவளா?

கேள்வி: வயது 52, பெரம்பூர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். குழந்தையிலேயே ஞானஸ்நானம், பிறகு வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல். சென்ற மாதம் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். ‘எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்று அங்கே கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. அப்படியானால் நான் மறுபடியும் பிறக்கவில்லையாம். திரும்ப முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமாம். ஐயாயிரம் ரூபாய் விதைக் காணிக்கை வைத்தால், கற்காத மொழியில் பேசும் அந்நியபாஷை வரம் வரும் என்கிறார்கள். ஆயிரம் கொடுத்துவிட்டேன். இரவில் தூக்கமில்லை, ஐயா. திருவிருந்துக்குப் போகவும் பயமாயிருக்கிறது.

பதில்: சகோதரி, முதலில் மீதி நாலாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில், சமாரியாவின் சீமோன் பணத்தை நீட்டி ஆவியின் வரத்தைக் கேட்கிறான். ‘உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது’ என்கிறார் பேதுரு. பணத்தை நீட்டியவனுக்கே அந்த வார்த்தை என்றால், கேட்டு வாங்குகிறவர்களுக்கு என்ன சொல்வது? மனமுவந்து கொடுப்பது காணிக்கை. வரத்துக்கு விலை பேசுவது வியாபாரம். ‘விதை’ என்று பெயர் மாற்றினாலும் வியாபாரம்தான். இந்த ஊரில் இதற்குத் தரகர்களே இருக்கிறார்கள். வீட்டில் நோயாளியோ, திருமணமாகாத மகளோ இருந்தால் தேடி வருவார்கள். ‘தீர்க்கதரிசியிடம் நேரம் வாங்கித் தருகிறேன்’ என்பார்கள். அப்படிப் பேசுகிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனி தேதி. என் பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. பெரும்புயல் அடித்த வருஷம் என்பார். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதியதே பிறந்தநாள். அதனால் அவர்கள் பிறக்காமல் போனார்களா? பவுலுக்குத் தமஸ்கு வழியில் கிறிஸ்துவைச் சந்தித்த ஒரு நண்பகல் இருந்தது. அவருடைய உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவருக்குள்ளும் இருந்தது என்கிறார் பவுல். உங்களுடையது தீமோத்தேயுவின் வழி.

தேதி இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பதும் உண்மையல்ல. இராயப்பேட்டையில் யாருடைய பெயரால் ஆலயம் இருக்கிறதோ அந்த ஜான் வெஸ்லிக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவருக்கு, இரட்சிப்பின் நிச்சயம் வந்த தேதி மட்டுமல்ல, மணியும் தெரியும்: 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன்னே, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில். ஆனாலும் 1739 ஜனவரியில், தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று அவரே தமது நாட்குறிப்பில் எழுதினார்.

நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம், மறுபடியும் பிறக்க வேண்டும் என்றார் இயேசு. அந்த ‘மறுபடியும்’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘மேலிருந்து’ என்றும் பொருள் உண்டு. பிறப்பு, பிறக்கிற பிள்ளையின் சாதனையல்ல. ‘நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கு’ எழுதுகிறேன் என்கிறார் யோவான் (1 யோவான் 5:13). எதை வைத்து அறிவது என்றும் அதே நிருபத்தில் சொல்கிறார்: குமாரனை நம்புகிறீர்களா, சகோதரரிடத்தில் அன்பிருக்கிறதா, பாவத்தில் நிம்மதியாக வாழ முடியாமல் இருக்கிறதா. இந்தக் கேள்விகளுக்கு இன்று விடை சொன்னால் போதும். அந்நியபாஷை எல்லாருக்கும் வருவதல்ல, 1 கொரிந்தியர் 12:30 பாருங்கள். ஞானஸ்நானம் ஒன்றே, உங்களுக்கு அது ஆயிற்று.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பசியும் போய், ஒரே ஜெபத்தை ‘சரியாகச் சொன்னேனா’ என்று நூறு தடவை திரும்பச் சொல்ல வைத்தால், அது விசுவாசக் குறைவல்ல, நோய். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் உலகமெங்கும் சபைகள் பாடும் பாடல்களை எழுதியவர். ஆனால் 1773 முதல் தாம் தேவனால் தள்ளப்பட்டவர் என்றே நம்பி, 1800இல் அந்த இருளிலேயே இறந்தார். அவர் இரட்சிக்கப்படவில்லை என்று சொல்ல எனக்கு நா எழாது. அவருடைய மனம் உடைந்திருந்தது. கிறிஸ்துவின் பிடி உடையவில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு வசனங்களை அடுக்குவது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வது போல. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. தயங்காமல் போங்கள், போவதற்குமுன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிசாசின் பிடி என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் போதகரேயானாலும் கேட்காதீர்கள்.

என் கோபம் உங்கள்மேல் அல்ல, சபையை நடத்துகிற எங்கள்மேல். திடப்படுத்தல் வகுப்பு என்று விசுவாசப்பிரமாணத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பேராயர் வருகிறார், வெள்ளை உடையில் புகைப்படம் எடுக்கிறோம், முடிந்தது. ‘மகளே, கிறிஸ்து உனக்கு யார்?’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கமிட்டித் தேர்தலுக்கு வீடு வீடாகப் போகத் தெரிந்த சபைக்கு, தூங்காத ஒருத்தியின் வீட்டுக்குப் போகத் தெரியவில்லை. நாங்கள் காலியாக விட்ட இடத்தில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

இந்த வாரமே உங்கள் ஆயரைப் பாருங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்றால், இப்போதே அரை மணி நேரம் வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. திருவிருந்தை விடாதீர்கள். வரும் ஞாயிறு போய் முழங்காலிட்டு, கையை நீட்டி அப்பத்தை வாங்குங்கள்.