பழைய காரில் எரிபொருள் ஃபில்டரை எப்போது மாற்றுவது? – கேள்வி பதில்

பத்து வருடம் தாண்டிய கார்களை வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி (சேலம்): 2004 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). வருடத்துக்கு 3,000 கி.மீ.கூட ஓடுவதில்லை. ஃபில்டருக்குச் சொல்லும் 40,000 கி.மீ. வர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். அதுவரை விடலாமா சார்?

விடாதீர்கள். கி.மீ. கணக்கு நன்றாக ஓடுகிற வண்டிக்குப் போட்டது. நின்றே கிடக்கும் வண்டியில் டேங்கின் காலி இடத்தில் ஈரக்காற்று நிற்கும். இரவில் அது நீராகத் தகரத்தில் படியும், துரு பிடிக்கும். அந்தத் துரு முழுக்க வந்து சேருவது ஃபில்டரில்தான். உங்கள் வண்டிக்கு ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஒன்று கட்டாயம் செய்யுங்கள். மாற்றும்போது கூடவே நில்லுங்கள், கழற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் உள்ளே நுழையும் பக்கத்தைக் கீழே கவிழ்த்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தட்டி ஊற்றுங்கள். செம்மண் நிறத்தில் தூள் இறங்கினால் டேங்கில் துரு. கறுப்பாகப் பொடிப்பொடியாக வந்தால் ரப்பர் ஓஸ் உள்ளே உரிகிறது. அடியில் கலங்கலாகத் தனியே ஒன்று ஒதுங்கி நின்றால் தண்ணீர். லேசாக மஞ்சளித்த பெட்ரோல் மட்டும் வந்தால் கவலையில்லை, அடுத்த முறையும் இதே இடைவெளி போதும். துரு கொட்டினால் ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள். அப்போதும் கொட்டினால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது வீண்செலவு.

கேள்வி (திண்டுக்கல்): என்னுடையது கார்புரேட்டர் வண்டி (இன்ஜெக்டர் இல்லாமல், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பழைய வகை). பிளாஸ்டிக் ஃபில்டரில் பெட்ரோல் பாதிதான் நிற்கிறது. அடைப்பா அண்ணா?

இல்லை தம்பி. வண்டி நன்றாக ஓடினால் பாதி நிற்பது சகஜம். உள்ளே இருக்கும் தாளின் நிறத்தைப் பாருங்கள், காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். விலை குறைவான பொருள், வருடம் ஒன்று போட்டாலும் தப்பில்லை. கிளிப்பையும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள். பழைய கிளிப் பிடி விட்டு, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும்.

கேள்வி (கும்பகோணம்): 2010 ஸ்விஃப்ட் டீசல். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. மலை ஏறும்போது மட்டும் இழுவை இல்லாமல் திணறுகிறது. ஃபில்டர்தானா?

முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். சமதளத்தில் மெதுவாகப் போகையில் இன்ஜின் கேட்கும் டீசல் கொஞ்சம்தான், பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதுதான் போதாமல் போகும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஓஸ் கிழிந்தாலும் இதே மாதிரி திணறும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசலுக்கு என் கணக்கு 20,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம், எது முந்துகிறதோ அது. பெட்ரோல் வண்டியைவிட இதில் கறாராக இருங்கள். காமன் ரயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் 1,000 பாருக்கும், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்குக்கும், மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. அங்கே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகே அந்த டீசல்தான். தண்ணீர் கலந்தால் மசகு போய்விடும், உரசித் தேயும். ஒரு இன்ஜெக்டரின் செலவுக்குப் பல ஃபில்டர்கள் வாங்கலாம். பெரும்பாலான டீசல் ஃபில்டர்களின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வடித்துப் பாருங்கள். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றைக்கே வடியுங்கள்.

புது ஃபில்டர் போட்டதும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், லைனில் ஏர் பிடித்திருக்கும். கை பிரைமர் (கையால் அமுக்கும் சின்ன பம்ப்) உள்ள வண்டியில் கெட்டியாகும்வரை அதை அமுக்கி ஏரை எடுக்க வேண்டும். டேங்குக்குள் மின்பம்ப் இருந்தால் சாவியை நாலைந்து முறை ஆன் செய்து நிறுத்தினால் நிரம்பிவிடும். எதுவும் செய்யாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும், மோட்டாரும் சூடாகும்.

கேள்வி (சென்னை): என் காரில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்திருக்கிறது. ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்கள்.

நல்ல பெட்ரோல், சுத்தமான டேங்க் என்றால் அது பல வருடம் தாங்கும். ஆனால் ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய வண்டியை அப்படி நம்பி ஓட்ட மாட்டேன். பின் சீட்டுக்கு அடியிலிருந்து முன்னைவிடப் பம்ப் சத்தம் அதிகமாகக் கேட்டால், வேகத்தில் வண்டி வெட்டி வெட்டி இழுத்தால், பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கி.மீ. பார்க்கவே வேண்டாம். டேங்கைக் காலி செய்து, துடைத்து, ஃபில்டரை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கேள்வி (மதுரை): இ20 பெட்ரோல் வந்த பிறகு சீக்கிரம் மாற்ற வேண்டுமா?

பழைய வண்டிக்கு முதல் ஒரு தடவை சீக்கிரம் மாற்றுவது நல்லது. அதிலுள்ள 20 சதவீத எத்தனால் டேங்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த படிவைக் கிளப்பிவிடும், ஈரத்தையும் இழுக்கும். அப்புறம் வழக்கமான இடைவெளிக்குப் போகலாம். ஓஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். உப்பியிருந்தாலும் வெடிப்பு விட்டிருந்தாலும் எத்தனால் தாங்கும் ஓஸாக மாற்றுங்கள்.

கேள்வி (கரூர்): டேங்க் குறைவாக இருக்கும்போது ஓட்டினால் அடிக்கசடு ஏறுமாமே?

பம்ப் எப்போதும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது, டேங்க் நிறைந்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல். அதனால் கால் டேங்காவது வைத்திருங்கள்.

கேள்வி (ஈரோடு): நானே மாற்றலாமா?

கார்புரேட்டர் வண்டியில் தாராளமாக. எம்பிஎஃப்ஐ வண்டியில் சாவியை எடுத்த பிறகும் லைனில் அழுத்தம் நிற்கும், ஓஸைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். இன்ஜின் ஆறிய பின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, திறந்த வெளியில் வேலை பாருங்கள். ஃபில்டர் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓட விட்டு, இரண்டு இணைப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.