அவர் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தவர் அவர். அம்மா போய் 11 வருடம். ஒரே பெண் என்பதால் நான்தான் வைத்துப் பார்க்கிறேன். எங்கள் சத்சங்கத்தில், 'அவர் வினையை அவர் அனுபவிக்கிறார், நீங்கள் பற்றில்லாமல் செய்துவிடுங்கள், கணக்குத் தீர்ந்துவிடும்' என்றார்கள். அதனால் குறை வைக்காமல் எல்லாம் செய்கிறேன், பேச்சு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. தட்டை வைக்கும்போதெல்லாம் 'சாப்பிட்டியா' என்பார். நான் பதில் சொல்லாமல் வந்துவிடுவேன். பிசியோதெரபியையும் நிறுத்தியாயிற்று. அனுபவிக்க வேண்டியதைத் தடுத்தால் அடுத்த பிறவிக்குத் தள்ளிப்போகுமாம். இந்தப் பிறவியோடு எங்கள் கணக்கு முடிந்துவிடுமா? இதில் என் ஆன்மா கற்க வேண்டிய பாடம் என்ன?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: முடியாது. நீங்கள் இப்போது செய்கிற விதத்தில் முடியவே முடியாது.

மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. படுக்கையில் கிடப்பது ஒன்றில் மாமியார், ஒன்றில் கணவர், ஒன்றில் அண்ணன். எழுதுகிறவர்கள் எல்லோரும் முற்பிறவியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்ற இடம் வேறு. 'சாப்பிட்டியா' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் பிசியோதெரபிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

இதே நோயில் என் மாமியாரை நான்கு வருடம் பார்த்தவள் நான். 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்கும், கடைவாயில் எச்சில் வழியும், பாதிச் சொல்லில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார். அப்படி ஒரு நாக்கைப் புரட்டி உங்கள் அப்பா மூன்று வேளையும் கேட்பது தனக்கு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அல்ல. உங்கள் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்.

உங்கள் அம்மாவிடம் இந்த மனிதர் இப்படிக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பாடம் என்ன என்று கேட்டீர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் பாடம் படித்துக்கொண்டுதான் இருக்கிறார், கயிற்றுக் கட்டிலோ இரும்புக் கட்டிலோ அதில் படுத்தபடி. இன்னொரு பிறவி வரைக்கும் காத்திருக்காமல், இந்த உடம்பிலேயே, வலது கை விழுந்த பிறகு. அவர் ஒப்பிக்க வரும்போதெல்லாம் நீங்கள் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள்.

'பற்றில்லாமல்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். பற்றில்லாதவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவாள். நீங்கள் செய்வது தண்டனை. அம்மா சார்பில் கொடுக்கும் தண்டனை. அந்தக் கோபம் நியாயமானது, நான் அதை ஒரு அரிசி அளவுகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெண்டாட்டியை அடித்தவன் அடித்தவன்தான். நோயில் விழுந்ததால் அது இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் கோபத்துக்கு ஆன்மிகப் பெயர் சூட்டாதீர்கள்.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அடக்கிவைத்த சைவ சித்தாந்தத்தில் வினை மூன்று வகை. குதிரில் கிடக்கும் நெல் சஞ்சிதம். அதிலிருந்து அள்ளி இன்று உலையில் போட்டது பிராரப்தம். அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே இன்று வயலில் விதைக்கிறோமே, அது ஆகாமியம்; விளைந்து மறுபடி குதிருக்குத்தான் வரும். அப்பாவைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து நீங்கள் கழிப்பது பிராரப்தம் என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று வேளை அந்த மௌனத்தை விதைக்கிறீர்களே, அது எந்தக் கணக்கில் போகும்? அடுத்த பிறவியில் அவரை மறுபடி பார்க்கவே கூடாது என்றுதானே இத்தனையும் செய்கிறீர்கள்!

இருவினையொப்பு என்ற சொல்லை யாரோ வரவு செலவு நேராவது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்வினைப் பயன் வந்தாலும் தீவினைப் பயன் வந்தாலும் விருப்பு வெறுப்பில்லாமல் ஒன்றுபோல ஏற்கும் மனம்தான் அது. வெறுப்பை அப்படியே வைத்துக்கொண்டு கடமையை மட்டும் முடித்தால் எந்த ஒப்பும் வராது.

பிசியோதெரபியை நிறுத்தியதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். 'அனுபவிக்கட்டும்' என்று விடுவது சைவம் அல்ல. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், திருச்செங்கோடு. அங்கே ஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது பனிக்காலத்தில் உடன் வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. 'அவ்வினைக்கு இவ்வினை', அன்று செய்ததற்குத்தான் இன்று இது என்று சொல்வார்களே, அதை நீங்கள் அறிவீர்கள் என்று அடியார்களிடம் பதிகத்தைத் தொடங்குகிறார். அடுத்த அடியிலேயே கேட்கிறார்: 'உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே?' பிழைக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது குறை இல்லையா என்று! அடுத்து 'கைவினை செய்து' என்கிறார். கையால் தொண்டு செய். யார் போன பிறவியில் என்ன செய்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. சுரத்தைப் போக்கப் பாடினார்.

ஆகவே இந்த வாரமே அரசு மருத்துவமனையில் போய்க் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சைக்கு வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். பேச்சுப் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள். படுத்த நிலையில் எதையும் புகட்டாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள், புரையேறி நெஞ்சுக்குள் போனால் ஆபத்து.

பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. பார்ப்பது என்றால் முகத்தைப் பார்ப்பதும்தான். மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 'அம்மாவை நீ அடிச்சதை நான் மறக்கலப்பா' என்று அவர் காதில் விழச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். சொன்ன பிறகு எழுந்து போய்விடாமல் ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

நாளைக் காலையில் தட்டை வைக்கும்போது எப்படியும் கேட்பார். சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள். சாப்பிடவில்லை என்றால் 'இன்னும் இல்லப்பா' என்று உண்மையைச் சொல்லிவிட்டு, நின்று பாருங்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.