காணியை ஈடு வைக்க முதல் அந்தக் குண்டைப் பாருங்கள்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்கிறா. மகன் உயர்தரம் கணிதப் பிரிவில் இரண்டு தரம் எடுத்தும் பல்கலைக்கழகத்தில் பொறியியல் எடுக்க இசட் புள்ளி காணாது. "காணியை ஈடு வைச்செண்டாலும் கொழும்பில தனியார் கம்பஸில சேர்த்துவிடுங்கோ" என்று கனடாப் பெரியப்பா ஒவ்வொரு கிழமையும் சொல்கிறாராம். பெடியனோ மாமாவின் லேத் (கடைசல்) பட்டறையே கதியென்று, படித்த பள்ளிக்கூடத்தின் குண்டெறிதல் போட்டிக்கு இரும்புக் குண்டு கடைந்துகொண்டு நிற்கிறான்.

அம்மா, ஈடு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை. மூன்றாம் தரம் எழுதுவதும் மகன் தானாகக் கேட்டால் மட்டுமே.

அவன் செய்வதைக் கிட்ட நின்று பாருங்கள். பெண்களுக்கான குண்டு 4 கிலோ. விட்டம் 95 முதல் 110 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். மைல்ட் ஸ்டீல் என்ற மெல்லுருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம். அப்படியானால் கனவளவு ஏறக்குறைய 510 கன சென்ரிமீற்றர், விட்டம் 99 மில்லிமீற்றர். 110 மில்லிமீற்றர் உருளையில் தொடங்கி, லேத்தின் பிடிப்பானான சக் பிடிக்க ஒரு காம்பை விட்டுவிட்டுக் கடையவேண்டும். காம்புப் பக்கம் மெலிய மெலிய வெட்டுளி அதிர்ந்து மேற்பரப்பில் வரிவரியாய் விழும். அங்கே ஆழத்தைக் குறைத்து மெல்ல வெட்டவேண்டும். 100 மில்லிமீற்றரில் காம்பை அறுத்து நிறுத்தால் 4.11 கிலோ வரும். பிறகு இரண்டு கிண்ணங்களுக்கு இடையில் இறுக்கி, திருப்பித் திருப்பிப் பிடித்து மினுக்க வேண்டும். அவசரப்படுபவர் தோற்பது இந்த இடத்தில்தான்: விட்டத்தில் 0.1 மில்லிமீற்றர் கூடுதலாகத் தேய்ந்துபோனால் 12 கிராம் போய்விடும். 4 கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தாலும் போட்டிக்கு எடுக்கமாட்டார்கள். குறைந்த நிறையை ஈடுகட்டத் துளைத்து ஈயம் ஊற்றலாம். ஆனால் மூடிய இடத்தின் விளிம்பு கையில் தட்டுப்படும்.

வரைபடம், கணிப்பு, பிடிமானம், அளவீடு எல்லாம் இதற்குள் இருக்கிறது. இதைப் படிப்பில்லாதவன் வேலை என்று சொல்லும் உறவினருக்கு ஒரு திருகாணி நுண்மானியை (மைக்ரோமீற்றர்) கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது, அரச நிறுவனம். உற்பத்தி, இயந்திரத் துறைக் கற்கைகளை அங்கே விசாரியுங்கள். என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையில் 5, 6ஆம் மட்டம் முடித்தவருக்கு இரத்மலானையில் உள்ள யுனிவொட்டெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் வழியுண்டு. சேர முதல் நேரில் போய், ஒரு லேத்துக்கு எத்தனை மாணவர், கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தை அவர்களே இயக்குகிறார்களா, கம்பனிப் பயிற்சி எத்தனை மாதம் என்று கேளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு மகன் குண்டையும் வரைபடத்தையும் நிறைக் குறிப்பையும் கொண்டுபோகட்டும். பிழைத்துப்போன குண்டு ஒன்று பட்டறையில் கட்டாயம் கிடக்கும். அதையும் பையில் வைத்துவிடுங்கள்; எத்தனை கிராம் குறைந்தது, ஏன் குறைந்தது என்று அவன் வாயாலேயே சொல்லட்டும்.