45 தாண்டின பெண்கள், ஸ்டெப் கவுண்ட், ஸ்மார்ட் வாட்ச்: கேள்வி பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். 40லேருந்து 60 வயசு பெண்களோடதான் தினம் வேலை. கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கே: மேடம், 47 வயசு. தினம் 6000 அடிதான் வருது, வாட்ச் 10000 கேக்குது. மனசு கஷ்டமா இருக்கு.
ப: அந்த 10000 ஆய்வுலேருந்து வந்த கணக்கு இல்லமா. 1965ல ஜப்பான்ல இடுப்புல மாட்டுற மீட்டர் ஒண்ணு வித்தாங்க, பேரு மான்போகேய், பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம், அந்த பேருதான் இன்னிக்கு நம்ம கைல டார்கெட்டா உக்காந்திருக்கு. 2019ல அமெரிக்காவுல சராசரி 72 வயசு பெண்கள் 16,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, சுமார் 7500 அடிக்கு மேல ஆயுள் பலன் பெருசா கூடல. செட்டிங்ஸ்ல 6500 போடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு 7000.

கே: எந்த வாட்ச் வாங்கலாம்?
ப: போன் போதும். இடுப்பு பைல வச்சுட்டு நடங்க.

கே: பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடறேன், ஹார்ட் ரேட் ஏறவே மாட்டேங்குது. இன்னும் வேகமா நடக்கவா?
ப: வேண்டாம்மா. அந்த மாத்திரையே துடிப்ப ஏற விடாது, அது வாட்ச்சுக்கு தெரியாது. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் உங்க வேகம். நெஞ்ச இறுக்கினா நின்னுட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.

கே: நல்ல வாட்ச் எது சிஸ்டர்?
ப: மேல சொல்லிட்டேன்.

கே: அக்கா, நாள் முழுக்க வீட்டு வேலை. அது போதாதா?
ப: அதுவும் அசைவுதான், கணக்குல உண்டு. ஆனா மாதவிடாய் நிக்கிற சமயத்துல ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு எலும்பு வேகமா தேயும், தசையும் குறையும். அதனாலதான் வாரம் ரெண்டு நாள் தசைக்கு பயிற்சி வேணும்னு திரும்ப திரும்ப சொல்றேன். வாட்ச்ல அடி எண்ணிக்கைய மட்டும் பாத்தா இது ஞாபகம் வராது.

கே: எங்கம்மா ஜிம்முக்கா போனாங்க? நல்லாத்தான இருந்தாங்க?
ப: அம்மா கிணத்துல தண்ணி எறைச்சாங்க, குடம் தூக்கினாங்க, தரையில உக்காந்து எந்திரிச்சாங்க. நமக்கு குழாய், மிக்ஸி, சோபா. அவங்க செஞ்சதத்தான் திரும்ப செய்யச் சொல்றேன்.

கே: அதுக்கு நேரம் எங்க? காலைல 5 மணிக்கு எழுந்தா ராத்திரி 11, ஒருத்தர் கூட மாட இல்ல. நீங்க சொல்றது வேலைக்காரி வச்சிருக்கவங்களுக்கு.
ப: கோவம் நியாயம்மா. வீட்ல இருக்கவங்க பாத்திரத்த கழுவட்டும், அத நானும் சொல்லுவேன். குக்கர் விசில் வர்ற வரைக்கும் மட்டும் கை ஊனாம நாற்காலிலேருந்து எழுந்து உக்காருங்க. போன்ல செவ்வா, வெள்ளி அலாரம் வைங்க. இப்பவே ஒரு தடவ பண்ணிட்டு எத்தனை வந்துச்சுன்னு சொல்லுங்க.

கே: 6 வந்துச்சு. தொடை நடுங்குது.
ப: முட்டி வலிச்சுதா?

கே: இல்ல.
ப: அப்போ வெள்ளிக்கிழமையும் 6.